பொம்மர் மாதிரிக் கத்தாத வாள்

ஒரு கட்டிச் சவர்க்காரம் வாங்க மூன்று கிழமை எடுத்துக்கொண்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் திருகோணமலை அன்புவழிபுரத்தில், எங்கள் ஒழுங்கையின் முடிவில், விறகு காலை, அதாவது விறகு அரிந்து விற்கிற கொட்டில், வைத்திருந்தார். அந்த மூன்று கிழமையும் அவர் வீட்டில் எல்லோரும் சாம்பல் போட்டுத்தான் கோப்பை கழுவினார்கள். நானும் கழுவினேன். நான் அவருடைய பின்னறையில் வாடகைக்கு இருந்த கந்தோர்க் கிளாக்கர்.

பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அதைச் சோதனைச்சாவடியில் அடையாள அட்டை பார்க்கிறவர்கள் மட்டும் வாசித்தார்கள். எங்களுக்கு அவர் பாப்பம் அண்ணை. எதைக் கேட்டாலும் முதலில் வானத்தைப் பார்ப்பார், பிறகு நிலத்தைப் பார்ப்பார், பிறகு "பாப்பம்" என்பார்.

"அண்ணை, தேத்தண்ணி ஊத்தட்டே?"

"பாப்பம்."

"அண்ணை, மழை வருது, உள்ள வாங்கோ."

"பாப்பம்."

அப்படிப் பார்த்துக்கொண்டே நனைந்து, தடிமன் பிடித்து, மருந்து எடுக்கப் போவோமா என்று கேட்டால் அதற்கும் அதே மறுமொழிதான்.

அவருடைய மனைவி அன்னமக்கா ஒருநாள் என்னிடம் தன் கலியாணக் கதையைச் சொன்னார். "என்னைப் பொம்பிளை பாக்கவெண்டு இந்த மனிசன் ஏழு தரம் வந்தது, தம்பி. ஒவ்வொரு தரமும் பலகாரத்தைத் திண்டுபோட்டு, பாப்பம் எண்டு சொல்லிப்போட்டுப் போகும். எட்டாந்தரம் வரேக்க எங்கட அப்பா படலையைப் பூட்டிப்போட்டார். இனித் தாலியைக் கட்டிப்போட்டுத்தான் வெளியில போகலாம் எண்டவர்."

"பிறகு?"

"பிறகென்ன, இருவத்திரண்டு வருசமாப் பாத்துக்கொண்டுதான் இருக்குது."

பாப்பம் அண்ணைக்கு இதற்கெல்லாம் கோபம் வராது. "வடிவாப் பாத்து எடுத்தபடியாத்தான் தம்பி இவ்வளவு காலம் பழுதாகாமல் கிடக்குது" என்பார். அன்னமக்கா கையில் இருக்கும் அகப்பையை எறிவார். அவர் குனிந்துகொள்வார். அதில் மட்டும் அவருக்கு யோசனை தேவைப்படவில்லை.

இது யுத்தக் காலம். எந்த வருடம் என்று கேட்காதீர்கள். அப்போது எங்களுக்கு எல்லா வருடமும் ஒரே வருடம் மாதிரித்தான். மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றால் நம் முறை வரும்போது பீப்பாய் முடிந்துவிடும். ஆகவே ஒழுங்கை முழுவதும் விறகு அடுப்புத்தான். அத்தனை வீட்டுக்கும் பாப்பம் அண்ணையின் காலையிலிருந்துதான் விறகு போனது. அதைவிட முக்கியம், சூசையின் பேக்கரியில் பாண் சுடுகிற போறணைக்கும் அங்கிருந்துதான் போனது. எங்கள் பகுதிக்கு எரிந்துகொண்டிருந்த ஒரே போறணை அது. என்னைப் போன்ற தனிக்கட்டைகளுக்குக் காலையில் பாண், இரவில் பாண், இடையில் பாணைப் பற்றிய யோசனை.

கன்னியாப் பக்கத்துக் காட்டிலிருந்து பாஸ் எடுத்து உழவு மெசினில் வரும் மரங்கள் முழுசுமுழுசாக வந்து இறங்கும். அவற்றை அரிந்து கொத்துவதற்கு இரண்டு பேர் நின்றார்கள். ஒருவன் கடலால் இந்தியாவுக்குப் போய்விட்டான். மற்றவன் கொழும்புக்குச் சாமான் வாங்கப் போனவன், இன்னும் வாங்கிக்கொண்டிருக்கிறான். பாப்பம் அண்ணை தானே கோடரி எடுத்தார். பத்தாம் நாள் வலது தோள்மூட்டு பிசகி, சோற்றுக் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோவதே பெரும்பாடாகிவிட்டது.

சூசை வந்தான். மாப் பிசைந்த கையோடு, இடுப்பில் கை வைக்க முடியாமல் இரண்டு கையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அண்ணை, இந்த மாதக் கடைசிக்குள்ள ஒழுங்கா விறகு வராட்டி நான் போறணையை மூடிப்போட்டு வவுனியாவுக்குப் போறன். மச்சான் அங்க வரச்சொல்லிக் கூப்பிடுறான். பேந்து என்னைக் குறை சொல்லக்கூடாது."

போறணை மூடினால் ஒழுங்கைக்குப் பாண் இல்லை. பாண் போனால் விறகு காலையும் போன மாதிரித்தான், பாதி விறகு அந்த நெருப்புக்குள்தான் போனது. அன்னமக்கா என்னைப் பார்த்தார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "ஒரு மெசின் வாள் வாங்கினால் என்ன? மரம் அரியிற செயின்சோ. தோளும் பிழைக்கும்" என்றேன்.

பாப்பம் அண்ணை வானத்தைப் பார்த்தார். நிலத்தைப் பார்த்தார். சொல்ல வேண்டியதைச் சொன்னார். ஆனால் அன்று பின்னேரமே என் அறை வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, அதில என்னென்ன வகை இருக்கு?"

சனியன் பிடித்தது அந்தப் பின்னேரம்தான்.

மெசின் வாள் வாங்குகிறவன் எதைப் பார்ப்பான்? எத்தனை அங்குல அலகு, எவ்வளவு பாரம், உதிரிச் சங்கிலி கிடைக்குமா என்று பார்ப்பான். ஒழுங்கையில் எல்லோரும் ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். பெரிசாக வாங்கச் சொன்னான் சூசை. தூக்கக்கூடியதாக வாங்கச் சொன்னார் அன்னமக்கா. பாப்பம் அண்ணை எல்லோருக்கும் தலையாட்டினார். அவர் மனதில் இருந்தது வேறொன்று.

"மெசின் கத்தக்கூடாது, தம்பி."

"மெசின் எண்டால் கத்தும்தானே அண்ணை?"

"கத்தட்டும். பொம்மர் மாதிரிக் கத்தக்கூடாது."

அதற்குக் காரணம் சூசையின் மனைவி திரேசம்மா. துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் சீனன்குடாவிலிருந்து குண்டு போடுகிற விமானம் எழும்பினால் எங்கள் ஒழுங்கைக்கு இரைச்சல் வரும். அது எங்கே போகிறது, யாருக்காகப் போகிறது என்று கேட்டு அறிய நேரமில்லை. இரைச்சல் கேட்டதும் ஓடிப்போய் வளவில் வெட்டிய பங்கருக்குள் விழ வேண்டியதுதான். முந்தின வருடம் அப்படி ஓடித்தான் திரேசம்மா விழுந்து இடது காலை முறித்துக்கொண்டாள். எலும்பு கோணலாகப் பொருந்திவிட்டது. அதன்பிறகும் இரைச்சல் கேட்டால் நொண்டிக்கொண்டு ஓடுவாள். லொறி வந்தாலும் ஓடுவாள். ஒருநாள் அம்மி இழுத்த சத்தத்துக்கு ஓடினாள்.

"நான் விறகு அரிய, அந்தப் பிள்ளை மற்றக் காலையும் முறிச்சால் என்ன செய்யிறது?" என்றார் பாப்பம் அண்ணை. நியாயமான கேள்விதான். ஆனால் மாதம் முடிய இருபது நாள்தான் இருந்தது.

முதலில் புல்மோட்டை. மீன்பிடிப் படகு இயந்திரங்கள் திருத்துகிற ஒருவரிடம் ஒரு வாள் இருப்பதாகத் தகவல். பாப்பம் அண்ணை வீட்டிலிருந்தே பாலை மரக்கட்டை ஒன்றை எடுத்துக்கொண்டார். "அவையின்ர கட்டையில வெட்டிக் காட்டினால் எப்பிடி நம்புறது? முருக்கங்கட்டையை வைச்சு ஏமாத்திப்போடுவினம்" என்றார். பாலை இரும்புக்கு அண்ணன். தோள் நோவு அவருக்கு என்பதால் கட்டை எனக்கு. பஸ்ஸில் ஏறி, சோதனைக்கு இறங்கி, நடந்து, மறுபடி ஏறி, அரை நாள் அந்தக் கட்டையை நான் பிள்ளை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன்.

மெசின் ஆட்டுக்கடா அளவு இருந்தது. உடைமைக்காரர் கயிற்றை இழுத்தார். கோழிகள் வேலிக்கு மேலால் போயின. கட்டை வெண்ணெய் மாதிரி இரண்டாகியது. பாப்பம் அண்ணை கட்டையைப் பார்க்கவேயில்லை. கண்ணை மூடி, காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"நிப்பாட்டுங்கோ."

"ஏன் அண்ணன்? நல்லா வெட்டுதுதானே?"

"வெட்டுறது திறம். ஆனா குண்டு போட வாற மாதிரி எல்லே கதைக்குது."

அந்த மனிதர் என்னைப் பார்த்தார். "தம்பி, இவர் வாள் வாங்க வந்தவரா, கச்சேரி கேக்க வந்தவரா?"

இரண்டாவது, துறைமுக வீதியில் ஒரு பட்டறை. அங்கே மின்சாரத்தில் ஓடுகிற வாள். வண்டு மாதிரி மெல்ல முனகியது. பாப்பம் அண்ணையின் முகம் மலர்ந்தது. எனக்கும் மலர்ந்தது, கட்டையை இறக்கலாமே.

"கரண்ட் இல்லாட்டி என்ன செய்யிறது?" என்று கேட்டேன். அப்போது நாளுக்கு இரண்டு மணித்தியாலம் மின்சாரம் வந்தால் அது பெருநாள்.

"வரும்வரைக்கும் பாத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்" என்றார் பட்டறைக்காரர்.

"அது எனக்கு ஏலும்" என்றார் பாப்பம் அண்ணை.

அவர் ஆயுளில் அவருக்கென்றே செய்த மெசின் அது ஒன்றுதான். சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன். அப்போது மாதம் முடிய ஆறு நாள். சூசை வவுனியாவுக்குக் கடிதம் எழுதிவிட்டான். திரேசம்மா சட்டிபானையைக் கட்டத் தொடங்கிவிட்டாள். அன்று பாண் உள்ளே வேகாமல் களியாக வந்தது, போறணைக்கு ஈர விறகுதான் கிடைத்திருந்தது.

மூன்றாவது, கிண்ணியாப் பக்கம் குறிஞ்சாக்கேணி. கிண்ணியாவுக்குப் பாலம் வராத காலம். பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில்தான் கடக்க வேண்டும். துறையில் சோதனைச்சாவடி. என் இடுப்பில் கட்டை.

"இது என்ன?" என்று கேட்டான் இளம் ஆமிக்காரன், தெரிந்த தமிழில்.

"கட்டை."

"கிண்ணியாவில கட்டை இல்லையா?"

நல்ல கேள்வி. திருகோணமலைக்கே விறகு அனுப்புகிற ஊருக்கு ஒருவன் விறகு கொண்டுபோனால் எனக்கும் சந்தேகம் வரும். அவன் கட்டையைத் தட்டிப் பார்த்தான், ஆட்டிப் பார்த்தான், முகர்ந்து பார்த்தான். பிறகு பெரியவரைக் கூப்பிட்டான். மீசை நரைத்த சார்ஜன் ஒருவர் வந்தார். கட்டையை வாங்கி வெட்டுமுகத்தை விரலால் தடவினார்.

"மேக்க பலு நே?" இது பாலைதானே என்று சிங்களத்தில் கேட்டார்.

பாப்பம் அண்ணை நிமிர்ந்தார். "ஓம் மாத்தையா, பலு. பாலை. நல்ல வைரம் பாஞ்சது."

அவ்வளவுதான். அரை மணித்தியாலம் இருவரும் கதைத்தார்கள். அவருக்குத் தமிழ் அரைகுறை, இவருக்குச் சிங்களம் அரைகுறை. மரத்துக்கு இரண்டு அரையும் போதுமாக இருந்தது. சார்ஜனின் தகப்பனும் மரம் அரிகிறவராம். பாலையை அரிந்தால் சங்கிலிப் பல்லு மழுங்கும், அடிக்கடி அராவ வேண்டும் என்று கையால் செய்து காட்டினார். பாதை இரண்டு தரம் போய் வந்துவிட்டது. மூன்றாம் தரம் எங்களை அவரே ஏற்றிவிட்டார்.

குறிஞ்சாக்கேணியில் தோணி கட்டுகிற முஸ்லிம் அண்ணன் ஒருவர், நாங்கள் காக்கா என்போம், எங்களைக் களப்போரம் கூட்டிப்போனார். சின்ன மெசின், பெயின்ற் உரிந்த மெசின். நல்ல காற்று. அவர் கயிற்றை இழுத்தார். தையல் மெசின் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். கரையில் நின்ற கொக்குகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டை மெதுவாக, ஆனால் ஒழுங்காக அரிந்து விழுந்தது.

பாப்பம் அண்ணை கண்ணைத் திறந்தார்.

"எடுப்பம்."

நான் அப்படியே மணலில் குந்திவிட்டேன். காக்காவுக்கு விளங்கவில்லை. "என்னா தம்பி, ஒங்களுக்கு மேலுக்குச் சொகமில்லையா?" என்று கேட்டு எனக்கு இளநீர் வெட்டித் தந்தார்.

திரும்பும்போது துறையில் சார்ஜன் மெசினைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். காக்கா எழுதித் தந்த விற்பனைக் கடிதத்தைப் பார்த்தார், பெயரைப் பதிந்தார், போகச் சொன்னார். ஆனால் மிச்சக் கட்டையைத் தங்கள் அடுப்புக்கு வைத்துக்கொண்டார். பாப்பம் அண்ணைக்கு அது கொஞ்சம் மனவருத்தம். எனக்கு இல்லை.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு நான் கந்தோருக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தேன். பாப்பம் அண்ணை விறகு காலைக்குள் போய் மெசினைத் தொடக்கினார். இங்கேதான் அவர், ஏன் நானும்தான், யோசிக்காத ஒன்று நடந்தது. குறிஞ்சாக்கேணியில் நாங்கள் கேட்டது களப்போரத்து வெளியில், காற்றோடு போன சத்தம். எங்கள் விறகு காலையிலோ மூன்று பக்கம் மதில், மேலே தகரக் கூரை. அந்தத் தையல் மெசின் உள்ளே உறுமி, மதிலில் மோதி, தகரத்தைக் கிடுகிடுக்க வைத்து, ஒழுங்கைக்கு வரும்போது இரண்டு பொம்மர் பதிந்து வருகிற இரைச்சலாக வந்தது.

ஒழுங்கை ஒரு நிமிடத்தில் காலி. சூசை போறணைக்குள் பாணை விட்டுவிட்டு ஓடினான். திரேசம்மா ஒற்றைச் செருப்போடு நொண்டினாள். அன்னமக்கா சட்டியோடு பாய்ந்தார். முந்தின நாள் அந்த மெசினைக் குறிஞ்சாக்கேணியிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த நான், கந்தோர் உடுப்போடு, எல்லோருக்கும் முதல் பங்கருக்குள் இருந்தேன். இதை நான் இதுவரை யாருக்கும் சொல்லவில்லை.

விறகு காலைக்குள் நின்ற பாப்பம் அண்ணைக்கு ஒன்றும் தெரியாது. மெசின் நன்றாக அரிகிறதே என்ற சந்தோசத்தில் அரை மணித்தியாலம் விடாமல் அரிந்திருக்கிறார். நிறுத்திவிட்டு வெளியே வந்தால் மனிசச் சிலமன் இல்லை. பாண் கருகிய மணம். தேடிக்கொண்டு வந்து எங்கள் பங்கர் வாசலில் குனிந்தார்.

"என்ன எல்லாரும் இதுக்க இருக்கிறியள்? ஏதும் நடந்ததே?"

"பொம்மர்! உள்ள வாங்கோ அண்ணை, கெதியா!" என்றான் சூசை.

"எங்க? எனக்கு ஒண்டும் கேக்கேல்லையே!"

அப்போது அவர் தலையில் மரத்தூள் இருந்ததை அன்னமக்கா கண்டார். அதற்குப் பிறகு அன்னமக்கா சொன்னதைப் பத்திரிகையில் எழுத முடியாது.

சூசைக்கு ஒரு போறணைப் பாண் கரி. அதைக்கூட அவன் பொறுத்துக்கொண்டான். பொறுக்க முடியாதது திரேசம்மா சொன்னது. அவள் பங்கர் மண்ணிலேயே இருந்து, காலைத் தடவிக்கொண்டு, "அண்ணை, எனக்கு இனி ஓட ஏலாது" என்றாள். பாப்பம் அண்ணை அன்று சாப்பிடவில்லை.

பின்னேரம் எங்கிருந்தோ ஒரு தண்டவாளத் துண்டைக் கொண்டுவந்து விறகு காலை வாசல் வேம்பில் கட்டித் தூக்கினார். மெசினைத் தொடக்க முன் அதில் மூன்று அடி. அடித்துவிட்டு வாசலில் நின்று, "நான்தான்! விறகு அரியப் போறன்! நான்தான்!" என்று கத்துவார். முதல் கிழமை எல்லோரும் ஒரு காலை வாசலில் வைத்துக்கொண்டுதான் கேட்டார்கள். இரண்டாம் கிழமை பழகிவிட்டது. விறகு மலை மாதிரிக் குவிந்தது. பாண் பொன்னிறமாக வந்தது. திரேசம்மா கட்டிய சட்டிபானையை அவிழ்த்தாள்.

நான்காம் கிழமை ஒருவருக்கும் தண்டவாளம் காதில் விழுவதேயில்லை. இரைச்சல் கேட்டால், "பாப்பம் அண்ணைதான்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்கள். உண்மையான பொம்மர் சீனன்குடாவிலிருந்து எழும்பிப் போனபோதுகூடச் சூசை, "அண்ணை இண்டைக்குப் பெரிய மரமொண்டு அரியிறார்போல" என்றான். நாங்கள் சிரித்தோம். சிரித்திருக்கக்கூடாது.

ஒருநாள் காலை பத்து மணி. எனக்குக் காய்ச்சல் விட்டு லீவில் நின்றேன். கிணற்றடியில் தலைக்கு வார்த்துக்கொண்டிருந்தபோது இரைச்சல் கேட்டது. பாப்பம் அண்ணை இன்றைக்கு வெள்ளெனத் தொடங்கிவிட்டார் என்று நினைத்து அடுத்த வாளி அள்ளினேன். சூசை உள்ளே மாப் பிசைந்துகொண்டிருந்தான். திரேசம்மா முற்றத்துக் கதிரையில் இருந்து, மடியில் சுளகை வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒருவரும் அசையவில்லை.

விறகு காலையில் பாப்பம் அண்ணைக்கு முன்னால் சாக்கு விரித்திருந்தது. அதில் மெசின் பத்துத் துண்டாகக் கழற்றிக் கிடந்தது. அவர் சங்கிலிப் பல்லுக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தார். மெசினைப் பார்த்தார், கிழக்கே வானத்தைப் பார்த்தார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் சங்கிலியோடு ஒழுங்கையில் இறங்கி ஓடத் தொடங்கினார்.

"நான் இல்லை! ஓடுங்கோ! நான் இல்லை!"

எங்களுக்கு விளங்கவில்லை. சூசை மாக் கையோடு எட்டிப் பார்த்து, "பிறகு ஆர்?" என்று கேட்டான்.

"ஹெலிகொப்டரடா மடையா! நான் இல்லை! எல்லாரும் ஓடுங்கோ!"

ஒவ்வொரு படலையாக அடித்துக்கொண்டு ஓடினார். அவர் ஓடி நான் கண்டது அதுதான் முதலும் கடைசியும். திரேசம்மா எழும்பினாள், கால் மடங்கி மறுபடி கதிரையில் இருந்தாள். விறகு இழுக்கிற கைவண்டி அங்கே நின்றது. நோவு பிடித்த அந்தத் தோளாலேயே அவளைத் தூக்கி வண்டியில் போட்டார், சுளகோடும் அரிசியோடும். "என்ர அரிசி கொட்டுண்ணுது அண்ணை!" என்று அவள் அலற, "கொட்டட்டும் பிள்ளை, நாளைக்குப் பொறுக்குவம்" என்று தள்ளிக்கொண்டு வந்தார். நான் நனைந்த சாரத்தோடு பின்னால் தள்ளினேன்.

ஆறு பேர் கொள்ளுகிற பங்கரில் பதினொரு பேர். பாப்பம் அண்ணை கடைசி, பாதி வெளியே. அன்னமக்கா அவருடைய சாரத்தைப் பிடித்து இழுத்தார். முதலில் சாரம் மட்டும் வந்தது. வெட்கத்தில் மனிதர் தானாகப் பின்னால் வந்து விழுந்தார். அப்போதுதான் மேலே படபடவென்று வெடிக்கத் தொடங்கியது.

யார் யாரைத் தேடிச் சுட்டார்கள் என்பதைப் பெரிய ஆட்கள் எழுதுவார்கள். பத்து நிமிடத்தில் ஹெலி கடற்கரைப் பக்கம் போய்விட்டது. எங்களில் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. வெளியே வந்து பார்த்தோம். திரேசம்மா இருந்த கதிரையின் முதுகில் இரண்டு ஓட்டை.

சூசை அந்தக் கதிரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு அங்கேயே இருந்து அழுதான். நானும் அழுதேன். கண்ணில் சவர்க்காரம் என்று அப்போது சொன்னேன்.

பாப்பம் அண்ணை விறகு காலைக்குப் போய்க் கழற்றிக் கிடந்த மெசினைத் திரும்பப் பூட்டினார். துடைத்துச் சாக்கில் போட்டுக் கட்டினார்.

"நாளைக்குக் குறிஞ்சாக்கேணிக்குக் கொண்டுபோய்க் குடுக்கப்போறன், தம்பி."

"ஏன் அண்ணை?"

"இந்த மெசினாலதானே சனம் ஓடாமல் இருந்தது. நான்தான் அவையைப் பழக்கினனான். அந்தப் பிள்ளை கதிரையை விட்டு எழும்பாமல் இருந்ததுக்கு நான்தான் காரணம்."

விறகு காலையை மூடினால் தனக்கு வேறு பிழைப்பில்லை என்று அவருக்குத் தெரியும். தோளோ ஒரு மாதத்துக்குத் தாங்காது. அன்று அன்னமக்கா அகப்பையும் எறியவில்லை. 

அடுத்த நாள் காலை அவர் சாக்கை எடுத்துக்கொண்டு படலைக்கு வந்தபோது திரேசம்மா அங்கே நின்றாள். பின்னால் சூசை. அவள் கையில் சுடச்சுட ஒரு றாத்தல் பாண், துணியில் சுற்றி.

"எங்க அண்ணை போறியள்?"

"குறிஞ்சாக்கேணிக்கு. இதைக் குடுத்துப்போட்டு வாறன். நான் உங்களை எல்லாம் கொல்லப் பாத்தனான், பிள்ளை."

"விசர்க் கதை கதையாதேங்கோ. ஒரு வருசமா அம்மிச் சத்தத்துக்கே நான் நடுங்கினனான். உங்கட மெசின் வந்தாப்பிறகுதான் சத்தம் கேட்டும் இருந்த இடத்தில இருந்தனான். அது பொம்மர் சத்தம் எண்டு நினைச்சு இருக்கேல்லை, பாப்பம் அண்ணை பக்கத்தில நிக்கிறார் எண்டு நினைச்சுத்தான் இருந்தனான். அதை ஏன் கொண்டுபோறியள்?"

பாப்பம் அண்ணை சாக்கை நிலத்தில் இறக்கி வைத்தார்.

"ஒரு நேரம் வையுங்கோ" என்றாள் அவள். "ஒவ்வொருநாளும் பின்னேரம் மூண்டு மணி. அப்ப மட்டும் அரியுங்கோ. வேற நேரம் கேட்டால் நாங்கள் ஓடுறம். மூண்டு மணிக்கு வேற ஏதும் வந்தால் நீங்கள் வந்து சொல்லுவீங்கள்தானே?"

"ஓம்" என்றார்.

பாணை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். எனக்கும் பாதி தந்தார்.

அன்று மூன்று மணிக்குத் தண்டவாளம் மூன்று தரம் அடித்தது. பிறகு மெசின் உறுமியது, மதில் உறுமியது, தகரம் கிடுகிடுத்தது. கொஞ்ச நேரம் கழித்து நான் ஒழுங்கையில் இறங்கி நடந்து பார்த்தேன். சூசை மாச் சாக்கில் சாய்ந்து வாயைத் திறந்தபடி கிடந்தான். அன்னமக்கா குசினி வாசலில் சேலைத் தலைப்பைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார். திரேசம்மா புதுக் கதிரை ஒன்றில் காலை நீட்டிக்கொண்டு நல்ல உறக்கம். அவ்வளவு இரைச்சலுக்குள் ஒழுங்கை முழுவதும் நித்திரை. நானும் போய்ப் படுத்தேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊரில், எத்தனையோ அமைதியான அறைகளில் படுத்திருக்கிறேன். வேறு ஏதும் வந்தால் எழுப்புவதற்கு ஒரு மனிதர் ஓடி வருவார் என்று தெரிந்து நித்திரை கொண்டது அங்கே மட்டும்தான்.